வெடிமூங்கில்

ஆண்டின் முதல் நாள், சேவல் கூவியதும் எழ வேண்டும். வேறெந்தப் பணியையும் தொடங்குமுன் வீட்டு முற்றத்தில் தீ வளர்த்து, அதில் மூங்கிலை இட்டு வெடிக்கச் செய்ய வேண்டும். சீனத்தில் யாங்சி ஆற்றின் நடுப்பகுதியில் வாழ்ந்த மக்களின் புத்தாண்டு வழக்கம் இது. அந்நாட்டு விழாக்களை மாத வரிசையில் தொகுத்தெழுதிய சோங் லின் என்னும் 6ஆம் நூற்றாண்டு அறிஞர் இதனைப் பதிந்து வைத்தார். மூங்கில் ஏன் வெடிக்க வேண்டும் என்பதற்கும் அவர் நூலிலேயே விடை உண்டு: மலைப்பேயை விரட்ட.

அம்மலைப்பேயின் பெயர் சான்சாவ். அதன் உருவையும் இயல்பையும் பழஞ்சீன வியப்புநூல் ஒன்று வரைந்து காட்டுகிறது. மேற்றிசை மலைகளின் உட்புறத்தில் உறைவது, ஓரடிக்குச் சற்று மேற்பட்ட உயரம், ஒற்றைக் கால், மாந்தரைக் கண்டு அஞ்சாதது. தன்னைச் சீண்டியவர்க்கு அது குளிரையும் காய்ச்சலையும் தரும். இந்தக் கடைசிச் செய்தியைத்தான் நான் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்க்கிறேன். அந்தப் பேய் கழுத்தை நெரிக்கவில்லை, குருதி குடிக்கவில்லை, காய்ச்சலைக் கொடுத்தது. ஈரமும் இருளும் மண்டிய காடுகளுக்குள் சென்று திரும்பியவர்கள் நடுங்கி விழுந்ததை அம்மக்கள் கண்டிருக்க வேண்டும். முறைக்காய்ச்சலின் (மலேரியாவின்) நுண்ணுயிரைக் கொசுவின் உடலுக்குள் ரொனால்டு ராசு செகந்தராபாத்தில் கண்டறிந்தது 1897இல். அதற்குப் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன், காட்டிலிருந்து ஏதோ ஒன்று காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்ற அளவுக்காவது உணர்ந்திருந்தான். அந்த ஏதோ ஒன்றுக்கு ஒரு காலும் ஒரு பெயரும் கொடுத்தான்.

இன்று சீனப் புத்தாண்டைப் பற்றிப் பேசுவோர் நியன் என்னும் விலங்கின் கதையையே சொல்வர். ஆண்டிறுதியில் ஊருக்குள் புகுந்த அவ்விலங்கு செந்நிறத்துக்கும் தீக்கும் பேரொலிக்கும் அஞ்சி ஓடிற்றாம். அழகிய கதைதான். ஆயினும் பழைய ஏட்டில் நிற்பது காய்ச்சல் தரும் அந்த ஒற்றைக்காலனே.

இனி மூங்கிலுக்கு வருவோம். மூங்கில் புல்லினத்தைச் சேர்ந்தது. கணுவுக்குக் கணு குறுக்கே ஒரு தடுப்பு. இரு தடுப்புகளுக்கு நடுவே காற்று அடைபட்ட வெற்றறை. பச்சை மூங்கிலின் சுவரிலோ நீர் நிறைந்திருக்கும். இதனைத் தீயில் இட்டால் உள்ளிருக்கும் காற்று விரிய முயலும். ஆனால் காற்றின் வலிமை சிறிது. 20 பாகை செல்சியசு வெப்பத்தில் இருந்த காற்றை 180 பாகைக்குச் சூடேற்றினாலும், அதன் அழுத்தம் ஒன்றரை மடங்கே ஆகும். அதனைக் கொண்டு மூங்கிலைப் பிளக்க இயலாது. வேலையைச் செய்வது நீர். 100 பாகையில் நீராவியின் அழுத்தம் நாம் மூச்சிழுக்கும் காற்றின் அழுத்தத்திற்கு நிகர்; 150 பாகையில் அதைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு; 180 பாகையில் பத்து மடங்கு. வெப்பம் சற்றே உயர, அழுத்தம் பாய்ந்து ஏறுகிறது. உலர்ந்த மூங்கிலைவிடப் பச்சை மூங்கில் ஓங்கி வெடிப்பதன் காரணம் இதுவே.

அழுத்தம் ஏறிய அறை எவ்விடத்தில் உடையும்? இங்கே மூங்கிலின் அமைப்பு வியக்கத் தக்கது. உருளை வடிவக் கலம் ஒன்றின் உள்ளே அழுத்தம் ஏறும்போது, அதன் சுவரை நீளவாக்கில் இழுக்கும் விசையைப்போல் இரு மடங்கு விசை அதனைச் சுற்றுவாக்கில் இழுக்கும். எந்த உருளைக்கும் இது பொது விதி; ஆலைக் கொதிகலனுக்கும் அதுவே விதி. மூங்கிலின் நார்களோ நீளவாக்கில் ஓடுபவை. காற்றில் வளைந்து நிமிர்வதற்கு ஏற்ற அமைப்பு அது. சுற்றுவாக்கில் இழுத்தால் நாருக்கும் நாருக்கும் இடையே பிடிப்புக் குறைவு. கூடை முடைவோர் மூங்கிலை நெடுக எளிதில் வகிர்ந்தெடுப்பது அதனால்தான். ஆக, இரு மடங்கு விசை சென்று தாக்கும் திசையும் மூங்கில் மிக மெலிந்திருக்கும் திசையும் ஒன்றாகிவிடுகின்றன. சுவர் நெடுகப் பிளக்கிறது. அடைபட்டிருந்த ஆவி நொடியின் சிறு கூறில் வெளியே பாய்ந்து காற்றைத் தள்ளுகிறது. அத்தள்ளலே நம் செவியில் வெடியோசை.

பாலைத்திணை பாடிய நம் சங்கப் புலவர்களும் காட்டுத்தீயில் மூங்கிற்கணு உடைபடும் ஒலியை அறிந்தவர்களே. நம்மவர் அதனைக் கானகத்திலேயே விட்டுவிட்டனர். சீனர் முற்றத்திற்குக் கொண்டுவந்தனர்.

பேரொலியால் பேயை விரட்டலாம் என்ற முடிவுக்கு அவர்கள் எப்படி வந்தனர்? கண்மூடித்தனத்தால் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதிர்பாராப் பேரொலி கேட்ட உயிர் திடுக்கிடுகிறது. ஒலி செவியை எட்டி நொடியின் இருபதில் ஒரு பங்கு கழிவதற்குள் மனிதனின் இமை மூடத் தொடங்கிவிடுகிறது. எண்ணம் எழுவதற்கு முன்னரே மூளைத்தண்டு அதற்கு ஆணையிட்டு முடிக்கிறது. விலங்குகளும் அப்படியே. குறிஞ்சிநில மகளிர் தினைப்புனத்தில் கிளி கடியத் தட்டை என்னும் கருவியை ஒலித்தனர். அதுவும் மூங்கிலைப் பிளந்து செய்ததே. ஒலிக்குப் பறவை ஓடுகிறது, பன்றி ஓடுகிறது, புலியும் விலகுகிறது. கண்ட பகையெல்லாம் ஓடும்போது, காணாப் பகையும் ஓடும் என்று கருதினார்கள். பட்டறிவை அதன் எல்லைக்கு அப்பால் ஓரடி நீட்டினார்கள்; பிழை அந்த ஓரடியில்தான். ஒலியால் விரட்டுவதிலும் ஒரு குறை உண்டு. அதே ஒலி திரும்பத் திரும்பக் கேட்டுத் தீங்கு நேரவில்லையென்றால் விலங்கு பழகிவிடும். காட்டோரத்து உழவர் கொளுத்தும் வெடிக்கு யானைகள் அஞ்சாமற்போவதை நம் மலையடிவார ஊர்களில் இன்றும் காணலாம்.

மூங்கிலுக்குள் மருந்து புகுந்தது பின்னர். சாவாமை தரும் மருந்தைத் தேடிய தாங்கு அரசமரபுக் காலத்துச் சீன மருந்தாய்வோர் கந்தகம், வெடியுப்பு முதலானவற்றைப் பலவாறு கலந்து சூடேற்றி வந்தனர். 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நூலொன்று கடுமையாக எச்சரிக்கிறது: கந்தகத்தையும் வெடியுப்பையும் தேனொடு சேர்த்துச் சூடேற்றியோரின் கையும் முகமும் வெந்தன, வீடும் எரிந்தது. தேனில் உள்ள கரிமமே அங்கு எரிபொருளாயிற்று. 1044இல் தொகுக்கப்பட்ட வூசிங் சோங்யாவ் என்னும் படைநூலில் வெடிமருந்தின் கலவை அளவுகள் முதன்முதலாக எழுத்தில் வந்தன. சீனர் இதற்கு இட்ட பெயர் 'தீமருந்து' என்னும் பொருளது. தமிழராகிய நாமும் வெடிமருந்து என்றே அழைக்கிறோம். சிவகாசித் தொழிலாளி அதனை வெறுமனே 'மருந்து' என்பார். சாவை வெல்லத் தேடியபோது கிடைத்த பொருள் என்பதை அந்தச் சொல் இன்றும் தாங்கி நிற்கிறது.

கருமருந்து எனப்படும் அப்பழைய வெடிமருந்தில் மூன்று பொருள்கள்: நூற்றுக்கு ஏறத்தாழ 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். கரி எரிபொருள். கந்தகம் 115 பாகையளவிலேயே உருகித் தீப்பற்றலை எளிதாக்கும். வெடியுப்பே தலையாயது, அது தன் மூலக்கூற்றில் உயிர்வளியைச் சுமந்து நிற்கிறது. ஆகவே புறக்காற்றின் உதவி வேண்டாமல், அடைத்த குழலுக்குள்ளும் தீ எரியும். இத்தூளைத் திறந்தவெளியில் கொளுத்தினால் சீறி எரிந்து அடங்கிவிடும். அதனைத் தாளில் இறுகச் சுற்றி இரு முனையும் அடைத்தால்தான் வெடிக்கும். மூங்கிலில் நீராவி செய்த வேலையை இங்கே கரியமில வளியும் நைட்ரசனும் செய்கின்றன. கணுத்தடுப்பின் வேலையைக் களிமண் அடைப்பு செய்கிறது. மூங்கில் போய்த் தாள் வந்தது. அடைபட்ட வளி சுவரைப் பிளக்கும் விதி மாறவில்லை. தாளால் செய்த வெடியையும் சீனர் இன்றுவரை 'வெடிமூங்கில்' என்றே எழுதுகின்றனர்.

13ஆம் நூற்றாண்டின் ஹாங்சௌ நகர வாழ்வை எழுதிய சௌ மி, ஆண்டிறுதி வெடிகளில் உள்ளே திரி பொதிந்திருந்ததையும், ஒன்றைக் கொளுத்தினால் நூற்றுக்கு மேல் இடையறாது வெடித்ததையும் குறித்துள்ளார். நம் சரவெடியின் முன்னோடி அதுவே. இக்கலை கடல்வழியும் தரைவழியும் பரவியது. விசயநகரத்திற்கு 1443இல் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் அங்கு நடந்த மகாநவமி விழாவில் வாணவேடிக்கையைக் கண்டார். ஈழத்தமிழர் பட்டாசை இன்றும் சீனவெடி என்றே சொல்வர். பிறந்த நாட்டின் பெயரை மறைக்காத நேர்மையான சொல் அது.

சிவகாசியின் கதை தமிழர் அறிந்ததே. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கொல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். பட்டாசு அதன் வழியே வளர்ந்தது. மழை குறைந்த அந்த வறள்நிலம், தாளும் மருந்தும் ஈரம் பற்றாமல் காயத் துணைநின்றது. உழவுக்கு உதவாத வெயில் இத்தொழிலுக்கு முதலாயிற்று.

இங்கே நான் அஞ்சும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கருமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் திண்மத் துகளாகவே எஞ்சும். நாம் காணும் வெண்புகை அதுவே. கூடவே கந்தக ஈராக்சைடு எழுந்து நுரையீரலை அரிக்கும். இன்றைய வெடிகளில் அலுமினியத் தூளும் சேர்ந்து ஒளியையும் ஒலியையும் பன்மடங்காக்குகிறது. பச்சை நிறத்திற்குச் சேர்க்கும் பேரியம் உப்பு நச்சுத்தன்மை உடையது. 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அதற்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. வெடித்த இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபெல்லுக்கு மேல் ஒலிக்கும் வெடிக்கும் இந்தியாவில் இடமில்லை. சிங்கப்பூரில் 1970ஆம் ஆண்டுச் சீனப் புத்தாண்டில் வெடியால் ஆறு பேர் மாண்டனர். 1972இல் வெடி முழுமையாகத் தடைசெய்யப்பட்டது. வெடி பிறந்த சீனத்தின் தலைநகரே 1993இல் நகருக்குள் அதனைத் தடுத்தது. பின்னர் தளர்த்தியது, மீண்டும் இறுக்கியது.

வெடிப்போர் படும் துன்பத்தினும் செய்வோர் படும் துன்பம் பெரிது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் நாற்பது பேரளவில் உயிரிழந்தனர். உராய்வோ, நிலைமின் பொறியோ, அளவுக்கு மீறிக் குவித்த மருந்தோ, ஏதேனும் ஒன்று போதும். ஓர் அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்ற வரையறை காகிதத்தில் இருக்கிறது. அதனை மீறும் ஒவ்வொரு நாளும், நோய்ப்பேயை விரட்டப் பிறந்த ஒலி உழைப்பவரின் உயிரைக் கேட்கிறது. இதனை மன்னிக்க இயலாது.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். தீபாவளிக்கு மறுநாள் காலையில், திரி எரிந்தும் வெடிக்காத வெடிகளைச் சிறுவர் தெருவில் பொறுக்குவர். தாளைப் பிரித்து மருந்தைக் கொட்டிச் சேர்த்துக் கொளுத்துவர். வாங்கிய வெடியினும் இது கொடியது. குவித்த மருந்து எரியும் விரைவைக் கண்டு கையை இழுக்கும் நேரம் குழந்தைக்குக் கிடையாது. அந்த வெடிகளை நீங்களே திரட்டி ஒரு வாளி நீரில் மூழ்கவிட்டு, இரவு முழுதும் ஊறவிடுங்கள். வெடியுப்பு நீரில் நன்கு கரையும். அது கரைந்து நீங்கிய பின் கரியும் கந்தகமும் தாமாக வெடிக்கமாட்டா.