வெள்ளத்தில் நின்ற லேண்ட்மாஸ்டர்

1990இல் போரினாலும் 2011 ஜனவரியில் வெள்ளத்தினாலும் மட்டக்களப்பு மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். சித்தாண்டி போன்ற ஊர்களில், திரும்பி வரும் விவசாயக் குடும்பத்துக்கு மிஞ்சும் பெரிய சொத்து பல வேளைகளில் லேண்ட்மாஸ்டர்தான். முன்மாரி விதைப்பு நெருங்குகிறதே என்று அதை உடனே இயக்கிப் பார்க்காதீர்கள். தண்ணீர் காற்றைப்போல் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கையில் பலமாகச் சுழற்றினால் கனெக்டிங் ரொட் வளைந்துவிடும்.

முதலில் எஞ்சின் ஒயிலைப் பாருங்கள். பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. முழுவதையும் வடித்துப் புது ஒயில் விடுங்கள். கியர் ஒயிலையும் டீசல் தாங்கியையும் அவ்வாறே பாருங்கள். எயார் கிளீனரைக் கழற்றி, வலையை மண்ணெண்ணெயில் கழுவி, கிண்ணத்து ஒயிலை மாற்றுங்கள். பிறகு டிகொம்ப்ரஷன் லீவரைப் பிடித்தபடி கையால் மெதுவாகச் சுழற்றுங்கள். இறுகி நின்றால் பலவந்தம் வேண்டாம், மெக்கானிக்கை அழையுங்கள். இயங்கினால், சிறிது நேரம் ஓடவிட்டு ஒயிலை மீண்டும் பாருங்கள். இன்னும் வெளுத்திருந்தால் மறுபடியும் மாற்ற வேண்டும்.

வெள்ளம் இல்லாத நாளிலும் சேற்றுழவு முடிந்த மாலையில் சேற்றைக் கழுவுங்கள். காலையில் சமதரையில் நிறுத்தி ஒயிலும் தண்ணீரும் பாருங்கள். பத்து நிமிட வேலைதான்; ஒரு போகத்து உழவைக் காப்பாற்றும்.

கழிவு ஒயிலை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். அது வாவியைச் சேர்ந்து, மீன்பிடிக்கும் நம் சகோதரரின் பிழைப்பைக் கெடுக்கும்.