கேமராவுக்குள் இருந்த இன்னொரு கேமரா

பானாசோனிக் ஜிஎச்2 வெளிவந்த 2010-இல், அந்த விலைக்கு அது பெரிய வரம். கைக்கு அடக்கமான மிரர்லெஸ் உடல், முழு எச்டி, சினிமாவைப் போல நொடிக்கு 24 ஃபிரேம், எந்தப் பழைய லென்ஸையும் அடாப்டர் போட்டு மாட்டிக்கொள்ளும் வசதி. ஒரே ஒரு விஷயத்தில்தான் கம்பெனி கையை இறுக்கிக்கொண்டது. வீடியோ பதிவுக்கு நொடிக்கு 24 மெகாபிட், அதற்கு மேல் கிடையாது. அசையாமல் உட்கார்ந்து பேசும் முகத்துக்கு அது போதும். காற்றில் ஆடும் வேப்பங்கிளையையோ சலசலக்கும் தண்ணீரையோ எடுத்தால் படம் கட்டம் கட்டமாக உடையும்; நிழல்கள் குழம்பிப்போகும். சென்சார் ஒழுங்காகத்தான் பார்த்தது. பார்த்தது கார்டில் போய்ச் சேர்வதற்குள் பாதி காணாமல் போனது.

அந்தக் கட்டுப்பாடு இரும்பில் இல்லை, கேமராவை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேரில் எழுதிவைத்த எண்களில்தான் இருக்கிறது என்று காட்டியவர் ரஷ்யப் புரோகிராமர் விட்டாலி கிசெல்யோவ். முதலில் ஜிஎச்1, பிறகு ஜிஎச்2. அவர் எழுதிய பிடூல் என்ற மென்பொருளில் எண்களை மாற்றி, புதிய ஃபர்ம்வேர் ஃபைலை உருவாக்கிக்கொள்ளலாம். 24 மெகாபிட் 176 வரை ஏறியது. அதே சென்சார், அதே சிப், அதே உடல்!

ஆனால் அதை ஏற்றுவதற்குத் துணிச்சல் வேண்டும். பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்து, ஃபைலைக் கார்டில் போட்டு, அப்டேட் செய்யவா என்று கேமரா கேட்கும்போது சரி என்று அழுத்த வேண்டும். நடுவில் பவர் போனால் கேமரா செத்துப்போகலாம், வாரண்டியும் கை கொடுக்காது. கடன் வாங்கி ஒரே ஒரு கேமரா வாங்கிய குறும்பட இளைஞனுக்கு அந்தச் சில நிமிடங்கள் சாதாரணமானவை அல்ல. துணிந்தவர்களுக்குப் பலன் கிடைத்தது. ஷேன் கர்ரூத் 2013-இல் சண்டான்ஸ் விழாவுக்குக் கொண்டுபோன ‘அப்ஸ்ட்ரீம் கலர்’ இப்படித் திறக்கப்பட்ட ஜிஎச்2-இல் எடுத்த முழுநீளப் படம்.

கேனான் பக்கத்தில் கதை வேறு. டிராமெல் ஹட்சன் 2009-இல் 5டி மார்க் 2-க்காகத் தொடங்கிய மேஜிக் லான்டர்ன், கம்பெனியின் ஃபர்ம்வேரை அழிக்கவில்லை. கேமராவை ஆன் செய்ததும் கார்டிலிருந்து ஏறி அதன் கூடவே ஓடியது. ஆடியோ மீட்டர், வெளிச்சம் மிஞ்சிய இடங்களில் வரிக்கோடு, ஃபோகஸ் பீக்கிங் என்று ஒளிப்பதிவாளருக்குத் தினமும் தேவைப்படும், ஆனால் கம்பெனி கொடுக்காத வசதிகளை அது கொடுத்தது. 2013-இல் 5டி மார்க் 3-இல், சென்சார் பார்த்ததை அப்படியே பதியும் 14-பிட் ரா வீடியோவே வந்துவிட்டது. நொடிக்கு 24 தனித்தனி ரா ஃபிரேம். 64 ஜிபி கார்டு ஏறக்குறைய 12 நிமிடத்தில் நிரம்பிவிடும். நாளெல்லாம் ஷூட், இரவெல்லாம் ஃபைல் மாற்றும் வேலை.

ஏழைகளின் கைக்கு ரா வந்தது இஓஎஸ் எம் வழியாகத்தான். கேனானின் முதல் மிரர்லெஸ் அது. ஆட்டோஃபோகஸ் ஆமை வேகம் என்று எல்லோரும் ஒதுக்கியதால், 22 மிமீ லென்ஸோடு சேர்த்து 799 டாலர் என்று 2012-இல் அறிவித்த விலை அடுத்த ஆண்டே அமெரிக்காவில் 300 டாலருக்கு இறங்கியது. அதற்கும் ஆர்வலர்கள் மேஜிக் லான்டர்ன் போட்டார்கள். 1080பி ராவுக்கு நொடிக்கு 87 எம்பி வேண்டும். அதன் கார்டு இணைப்போ 40 எம்பிக்கு மேல் தாங்காது. ஆகவே ஃபிரேமைக் குறுக்கினார்கள். பிறகு இணைப்பின் வேகத்தையே கூட்டும் வழியையும் கண்டுபிடித்தார்கள். படத்தில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. அவற்றை அழிக்க மென்பொருள் எழுதினார்கள். எல்லாமே சம்பளமில்லாத வேலை. அவர்கள்மேல் எனக்குள்ள மரியாதை இன்றும் குறையவில்லை.

இன்று நிலைமை தலைகீழ். 2024-இல் 799 டாலருக்கு அறிமுகமான ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்-எம்5, பெட்டியைப் பிரித்த அன்றே 10-பிட்டில் 6.2கே எடுக்கிறது. இஓஎஸ் எம் வந்த அதே விலை! முன்பு ஐரோப்பாவில் அரை மணிக்கு மேல் பதிவு செய்யும் கருவிக்கு வீடியோ கேமரா என்று கூடுதல் சுங்கவரி இருந்தது. அதற்காகவே 29 நிமிடம் 59 நொடியில் கேமராவை நிற்க வைத்தார்கள். சோனி கேமராக்களில் அந்தத் தடையை நீக்கவே ஆர்வலர்கள் தனியாக ஒரு ஆப் எழுத வேண்டியிருந்தது. இப்போது வரும் பல கேமராக்களில் அந்தத் தடையே இல்லை.

இதில் எனக்கு மகிழ்ச்சிதான். மண்டபத்தில் முகூர்த்தம் எடுப்பவருக்கு நடுவில் நின்றுபோகாத கேமரா கிடைத்திருக்கிறது. அதைவிடப் பெரிய வசதி என்ன வேண்டும்? ஆனால் கம்பெனிகள் இன்னொரு பாடத்தையும் கற்றுக்கொண்டன. ஜிஎச்4-க்கு, நிழலும் வெளிச்சமும் கெடாமல் பதியும் வி-லாக் வசதியை 2015-இல் பானாசோனிக் ஏறக்குறைய 100 டாலருக்குத் தனியாக விற்றது. ஒரு திறப்புக் குறியீடு, அவ்வளவுதான். முன்பு ஆர்வலர்கள் இலவசமாகத் திறந்த கதவுக்கு இப்போது டிக்கெட். காசு கொடுத்து வாங்கிய கருவியின் முழுத் திறனும் வாங்கியவருக்கே சேர வேண்டும் என்ற நியாயத்தை அந்த ஆர்வலர்கள்தான் செயலில் காட்டினார்கள். அவர்கள் காட்டியிராவிட்டால் மலிவு கேமராவில் இத்தனை வசதிகள் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது என்பதே என் முடிவு.

சில காலம் ஓய்ந்திருந்த மேஜிக் லான்டர்ன் 2025-இல் புதிய குழுவோடு மீண்டும் எழுந்திருக்கிறது. ஒளிப்பதிவு கற்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். செகண்ட் ஹேண்டில் ஒரு இஓஎஸ் எம் மலிவாகக் கிடைத்தால் வாங்கி, மேஜிக் லான்டர்னைப் போட்டுப் பாருங்கள். பிட் ரேட் என்றால் என்ன, கார்டின் வேகம் எங்கே இடிக்கிறது, ராவில் நிழலுக்குள் எவ்வளவு ஒளிந்திருக்கிறது என்பதெல்லாம் கைவழியாகப் புரியும். கூலிக்குப் போகும் வேலைக்கு மட்டும் அதை நம்பாதீர்கள். ஏதாவது ஆனால் பொறுப்பு உங்களுடையது. கார்டு மூடியைத் திறந்தபின் கேமராவின் விளக்கு அணையும்வரை பொறுத்து, பிறகு கார்டை எடுங்கள்.