உணவு ஆவணப்படங்களும் பாலாற்றங்கரைச் சாப்பாடும்

இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றோடு பால், தயிர், நெய் முதலியவற்றையும் விலக்கி, தானியம், பருப்பு, காய், கீரை, பழம், கொட்டை ஆகியவற்றை மட்டும் உண்பது தாவர உணவுமுறை எனப்படும். பால் பொருள்களுக்கு இடம்தரும் சைவ உணவைக் காட்டிலும் இது கட்டுப்பாடு மிகுந்தது. இந்த உணவுமுறையைப் பற்றிக் கடந்த இருபது ஆண்டுகளில் இளைஞர் பலர் மருத்துவ நூல்களிலிருந்து அறிந்துகொண்டதைவிட ஆவணப்படங்களிலிருந்து அறிந்துகொண்டதே மிகுதி. மாட்டிறைச்சி பிரியாணியும் தோல் தொழிலும் அன்றாட வாழ்வின் பகுதிகளாக உள்ள காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் இப்படங்களைப் பார்ப்பவருக்கு எழக்கூடிய கேள்விகள், அவை எடுக்கப்பட்ட நாடுகளின் பார்வையாளருக்கு எழுபவற்றிலிருந்து பெரிதும் வேறானவை.

இவ்வகைப் படங்களுள் முன்னோடியாகக் கருதப்படுவது, ஷான் மான்சன் இயக்கத்தில் 2005ஆம் ஆண்டு வெளிவந்த ‘எர்த்லிங்ஸ்’. நடிகர் வாக்கீன் ஃபீனிக்ஸ் பின்னணிக் குரல் கொடுத்த அப்படத்தின் தோல் பற்றிய பகுதியில் காட்டப்படுபவை இந்திய மாடுகள். நெடுந்தூரம் நடத்தி வரப்பட்டுக் களைத்து விழும் மாடுகளின் வாலை முறுக்கியும், கண்ணில் மிளகாயைத் தேய்த்தும் எழுப்பும் காட்சிகள் அதில் உள்ளன. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, 2000ஆம் ஆண்டில், இத்தகைய கொடுமைகளைச் சுட்டிக்காட்டி விலங்குரிமை அமைப்பான பீட்டா நடத்திய பரப்புரையைத் தொடர்ந்து ‘கேப்’ உள்ளிட்ட சில வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியத் தோலைத் தவிர்க்கப்போவதாக அறிவித்தன. ஆகவே ஏற்றுமதித் தோலை நம்பி வாழும் இவ்வட்டாரத்துக்கு அப்படம் எங்கோ நடக்கும் கதையன்று. இங்குள்ள குடும்பங்களின் கூலியோடு நேரடித் தொடர்புடையது.

எனினும் தோலின் கதை மாட்டோடு முடிந்துவிடுவதில்லை. குரோமிய உப்புகளைக் கொண்டு தோல் பதனிடும் முறை பரவிய பின் கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்து, மாசுபடுத்துபவரே அதற்கான ஈட்டுத்தொகையையும் சீரமைப்புச் செலவையும் ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை நாட்டின் சட்டத்தில் உறுதிப்படுத்தியது. அதே மாசு குறித்து அந்நீதிமன்றம் 2025ஆம் ஆண்டு ஜனவரியில் மீண்டும் விரிவான தீர்ப்பு வழங்க நேர்ந்தது என்பதே, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகியும் ஆறு மீளவில்லை என்பதற்குச் சான்று. ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்ற தாவரப் பொருள்களால் பதனிடும் பழைய முறை இப்பகுதியில் அறவே மறைந்துவிடவில்லை, ‘ஈ.ஐ. தோல்’ எனப்படும் அத்தோலுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. விலங்கின் துன்பத்தை மட்டும் பார்த்து, ஆற்றையும் தொழிலாளியையும் பாராமல் விடும் எந்த ஆவணப்படமும் இந்த ஊர்களுக்குப் பாதிக் கதையைத்தான் சொல்கிறது.

ஆவணப்படம் என்பது பாடநூல் அன்று. அது ஒரு தரப்பின் வாதம். 2014இல் வெளிவந்த ‘கவ்ஸ்பிரசி’ படம், உலகில் மனிதச் செயல்களால் வெளியாகும் பசுமைக்குடில் வாயுக்களில், அதாவது வெப்பத்தைத் தேக்கிப் புவியைச் சூடாக்கும் வாயுக்களில், 51 விழுக்காடு கால்நடை வளர்ப்பினால் வருவது என்ற கணக்கை முன்வைத்தது. விலங்குகளின் மூச்சுக்காற்றையும் சேர்த்து 2009இல் போடப்பட்ட அக்கணக்கை அறிவியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2013இல் வெளியிட்ட மதிப்பீடு 14.5 விழுக்காடு. அந்தச் சிறிய எண்ணே கவலைக்குரியதாக இருக்கும்போது, மிகைப்படுத்தியது படத்தின் நம்பகத்தன்மையைத்தான் குறைத்தது. 2018இல் வந்த ‘தி கேம் சேஞ்சர்ஸ்’, தாவர உணவால் வலிமை பெற்ற விளையாட்டு வீரர்களைக் காட்டியது; அதன் தயாரிப்பாளர்களுள் ஒருவரான ஜேம்ஸ் கேமரூன் பட்டாணிப் புரதம் தயாரிக்கும் தொழிலில் முதலீடு செய்திருந்தவர் என்பதும் பார்வையாளர் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

இவற்றோடு ஒப்பிட, 2024ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நெட்ஃபிளிக்ஸில் வந்த இரட்டையர் பற்றிய தொடர் ஓர் உண்மையான ஆய்வை அடித்தளமாகக் கொண்டது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழுவினர், ஒரே மரபணு அமைப்புடைய 22 இரட்டையர் இணைகளில், ஒவ்வோர் இணையிலும் ஒருவருக்குத் தாவர உணவையும் மற்றவருக்கு இறைச்சி கலந்த சத்தான உணவையும் எட்டு வாரங்கள் வழங்கி, தாவர உணவு உண்டவர்களுக்கு இரத்தத்தில் எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பு கூடுதலாகக் குறைந்ததைக் கண்டனர். எட்டு வாரம் என்பது குறுகிய காலம். வாழ்நாள் முழுவதற்கும் அதைக் கொண்டு முடிவு கட்ட இயலாது.

தமிழ்நாட்டில் பத்தில் ஒன்பது பேருக்கு மேற்பட்டோர் இறைச்சி உண்பவர்கள். இந்நிலையில் இறைச்சியை விடச் சொல்லும் குரல் எங்கிருந்து வருகிறது என்று மக்கள் கேட்பதற்குக் காரணம் உண்டு. 2022ஆம் ஆண்டு மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் நடத்தத் திட்டமிட்ட பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை என்றதும் எதிர்ப்பு எழுந்தது; மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது; மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. உணவில் சாதி எப்படி வினைபுரிகிறது என்பதை மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவன மாணவர்கள் எடுத்த ‘காஸ்ட் ஆன் தி மெனு கார்ட்’ என்னும் ஆவணப்படம் பேசுகிறது. 2015இல் தில்லித் திரைப்பட விழா ஒன்றில் அதைத் திரையிட அனுமதி மறுக்கப்பட்டது. தாவர உணவை ஒருவர் தம் விருப்பால் தேர்வது வேறு, பிறர் தட்டிலுள்ளதை இழிவென்று விலக்குவது வேறு. இந்த வேறுபாட்டை உணராமல் மேலைநாட்டுப் படங்களை அப்படியே இங்கே கொண்டுவந்து போதிப்பது நியாயமன்று.

அப்படங்கள் காட்டும் பாதாம்பாலும் சோயா இறைச்சியும் விலை கூடியவை. இவற்றைப் பார்த்துத் தாவர உணவு பணக்காரருக்கே உரியது என்று எண்ணுவோர் வட ஆர்க்காட்டின் சொந்த உணவை மறந்தவர்கள். கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும், நிலக்கடலையும், ஜவ்வாது மலைச் சாமையும் உழைப்பாளிகளின் உணவாக இருந்தவை. பாலை விட்டால் கால்சியத்துக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு, 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு என்பதே பெருமளவு விடையாகும். ஆம்பூர் பிரியாணிக்குத் துணையாக வரும் கத்தரிக்காய்க் கூட்டும் முழுத் தாவர உணவுதான். வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆனால் கேழ்வரகும் கீரையும் தரமுடியாத சத்து ஒன்று உண்டு. அது வைட்டமின் பி12. இரத்தச் சிவப்பணுக்கள் உருவாவதற்கும் நரம்புகளின் நலத்துக்கும் இன்றியமையாத இதைத் தாவரமோ விலங்கோ உண்டாக்குவதில்லை, நுண்ணுயிர்களே உண்டாக்குகின்றன. விலங்குகளின் உடலில் சேர்வதால் இறைச்சி, முட்டை, பால் வழியாக மனிதருக்குக் கிடைக்கிறது. இதைப் பற்றிய உலக அறிவில் ஒரு பங்கு பாலாற்றின் தென்கரையில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பிறந்தது. அங்கு எஸ்.ஜே. பேக்கர், வி.ஐ. மாத்தன் ஆகியோர், மனிதருக்கு நாள்தோறும் தேவையான குறைந்தபட்ச பி12 எவ்வளவு என்பதை ஆராய்ந்து 1981இல் வெளியிட்டனர். அதற்கு முந்தைய ஆண்டில், எம்.ஜே. ஆல்பர்ட்டும் இவ்விருவரும் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை, மனிதச் சிறுகுடலில் வாழும் சில பாக்டீரியாக்களால் பி12 உண்டாக்க முடியும் என்று காட்டியது. குடலே வேண்டிய அளவைத் தந்துவிடும் என்று இதற்குப் பொருளில்லை. பாக்டீரியாக்கள் மிகுதியாக வாழும் பெருங்குடல், பி12ஐ உடல் உறிஞ்சும் இடத்துக்கு அப்பால் இருப்பதால் அங்கே உண்டாவது பயன்படுவதில்லை. குடலில் உண்டாகும் பி12ஐ மட்டும் நம்பி இருந்தவர்களுக்கு இரத்தசோகையும் கால் மரத்துப்போதலும் வந்துள்ளன.

கல்லீரலில் சேர்ந்திருக்கும் பி12 சில ஆண்டுகளுக்குப் போதுமானதாக இருப்பதால், குறைபாடு உடனே வெளிப்படாது. உணவை மாற்றிய பின் நலமாக இருப்பதாக உணர்பவர் ஏமாறும் இடம் இதுவே. தேவை நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 மைக்ரோகிராம்தான்; ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆவணப்படத்தைப் பார்த்துப் பாலையும் விட்டுவிட முடிவுசெய்பவர்கள், குறிப்பாகக் கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும், முதலில் இரத்தத்தில் பி12 அளவைச் சோதித்து, மருத்துவர் கூறும் அளவில் மாத்திரையைத் தொடர்ந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.