பக்கத்தில் இருப்பவளைக் கேட்டீர்களா?

இனிப்பு நீர் முற்றிச் சிறுநீரகம் பழுதான ஒருவரைப் பார்க்கப் போகிறோம். நேரே கட்டிலருகே போய் நின்று, "மாமா எப்படி இருக்காரு?" என்று விசாரிக்கிறோம். தேநீர் கொண்டு வந்து வைக்கிறாளே அவர் மனைவி, அவளிடம் "நீ எப்படியம்மா இருக்கே?" என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்?

அவள் பாட்டைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ரத்தச் சுத்திகரிப்பு பெரும்பாலும் வாரத்திற்கு 3 முறை. ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம். தோட்டத்திலிருந்து பட்டணம் போய்வரும் நேரம் தனி. அன்றைக்கு அவளுக்கு வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. வீட்டில் அவருக்கு உப்புக் குறைத்துத் தனிச் சமையல். குடிக்கிற தண்ணீருக்கும் அளவு உண்டு. தாகம் பொறுக்காமல் அவர் ஏசினால் வாங்கிக் கொள்பவளும் அவள்தான்.

இப்படி ஒரு தாயார் மகனின் தேர்ச்சி அட்டையில் கையெழுத்திடப் பள்ளிக்கு வந்தார். பொங்கல் விழாவுக்கு முதல் ஆளாக வந்து கோலம் போடுகிறவர். மகன் கணக்கில் நல்ல புள்ளி வாங்கியதைச் சொன்னேன். சுவரைப் பார்த்தபடி "சரிங்க டீச்சர்" என்றார், அவ்வளவுதான். "திமிர் பிடித்துப் போச்சு" என்று லயத்தில் பேசிக் கொண்டார்கள். திமிரா அது?

தூக்கம் கெடுதல், பசியின்மை, எதிலும் நாட்டமின்மை, 'நான் எதற்கும் உதவாதவள்' என்ற நினைப்பு இவை இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். குணமாக்கக்கூடிய நோய். செய்வினை என்று மந்திரிக்கப் போகிறவர்களும் உண்டு. கோயிலுக்குப் போவதை நான் தடுக்கவில்லை, அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்கும் போங்கள். பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட்தான். கணவருக்கு மருந்து வாங்கும் அதே இடத்தில், "எனக்கும் மனசு சரியில்லை" என்று தாதியிடம் சொன்னால் போதும்.

வீட்டில் இருந்தே பேச, சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி 15555. பிஃப்ரெண்டர்ஸ் 03-76272929, இரவு பகல் எந்நேரமும். நம் நாட்டில் தற்கொலை முயற்சி 2023 வரை குற்றமாக இருந்தது. இப்போது அந்தச் சட்டம் இல்லை. ஆகவே, சாகத் தோன்றுகிறது என்று வாய்விட்டுச் சொல்லப் போலீசுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

உறவுக்காரர்களே, பழமும் பிஸ்கட்டும் வாங்கிப் போவதை விட (சில பழங்கள் அவருக்கு ஆகாது), ஒரு சனிக்கிழமை நீங்கள் அவரோடு பட்டணம் போய் இயந்திரத்தருகே உட்காருங்கள். அவள் வீட்டில் கொஞ்சம் தூங்கட்டும்.