முப்பத்தேழு வயதுக் கிழவர்

2014ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், அமெரிக்காவிலே பொஸ்ரன் நகரின் புறத்தேயுள்ள என் மகளின் இல்லத்திற் சில மாதங்கள் தங்கியிருந்தேன். செப்டெம்பர் 30ஆந் திகதி, செவ்வாய்க்கிழமை காலை, மருமகனோடு அயலிலிருந்த சலூனுக்குச் சென்றபோது அங்கு இழவு வீட்டின் சாயலைக் கண்டேன். காத்திருந்தவர் எவரும் பத்திரிகையை விரிக்கவில்லை. மூலையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், "அவர் முடிந்துவிட்டார், இனிப் பேசிப் பயனில்லை" என்று இருமுறை கூறினார். யாரோ இறந்துவிட்டனர் என்றே எண்ணினேன். மருமகன் என் செவியருகே குனிந்து, "ஒருத்தரும் சாகேல்லை மாமா. ராத்திரி பேற்றியற்ஸ் தோத்துப் போச்சுது. ரொம் பிறேடியைப் பற்றித்தான் கதைக்கினம்" என்றார்.

முடிந்துவிட்ட அந்த மனிதருக்கு வயது எத்தனை என்று வினவினேன். முப்பத்தேழு என்றார். நான் அறுபத்தெட்டைக் கடந்திருந்தேன். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அமெரிக்கர் 'புட்போல்' என்று அழைப்பது நாம் அறிந்த உதைபந்தாட்டம் அன்று. பந்து இருமுனையும் கூம்பியது. காலினும் கையிலேயே அது மிகுதியாக இருக்கும். பக்கத்துக்குப் பதினொருவர். நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார் தூரம் முன்னேறாவிட்டாற் பந்து மாற்றாரிடம் போய்விடும். முன்னேறும் அணியின் நடுவே நின்று, பந்தைப் பெற்று, அதை எவரிடம் கொடுப்பது, எங்கே எறிவது என்று தீர்மானிப்பவரையே 'குவாட்டர்பாக்' என்கின்றனர். படைத்தலைவனும் வில்லாளியும் அங்கு ஒருவனே. தீர்மானிக்க அவருக்குக் கிடைப்பது இரண்டு அல்லது மூன்று விநாடிகள். அதற்குள் அவரை மண்ணிற் சாய்க்க யானை போன்ற உடலினர் பாய்ந்து வருவர். அவர்களைத் தடுக்க ஐவர் காவலரண்போல நிற்பர். காவலர் ஒரு கணம் தளர்ந்தாலும் எறிபவரின் கை பிழைக்கும். பார்ப்போர் கண்ணுக்கோ பிழைத்தது கை மட்டுமே.

முதல்நாளிரவு கன்சாஸ் சிற்றியில் நடந்ததும் ஏறக்குறைய இதுவே. உள்ளூர் அணியான சீஃப்ஸ் 41 புள்ளிகளும் நியூ இங்கிலாந்து பேற்றியற்ஸ் 14 புள்ளிகளும் பெற்றன. பிறேடி எறிந்த பந்துகளில் இரண்டு மாற்றார் கையிற் சிக்கின. இரண்டாவதைப் பற்றியவர் அதை எல்லைவரை கொண்டோடிப் புள்ளியும் பெற்றுவிட்டார். அதன்பின் பிறேடியை இருத்திவிட்டு ஜிம்மி கறோப்பலோ என்ற இளைஞரைக் களமிறக்கினர். அவர் ஒரு 'டச்டவுன்' எறிந்தார். அந்த ஒற்றை எறிதான் சலூனிலே தீப்பொறியாயிற்று.

பிறேடி அவ்வூராருக்கு வெறும் ஆட்டக்காரர் அல்லர். 2000ஆம் ஆண்டு புதிய வீரரைத் தெரிவுசெய்தபோது 199ஆவதாகப் பொறுக்கப்பட்டவர். மறு ஆண்டு, ட்றூ பிளெட்சோ என்னும் பெருவீரர் காயமுற்றதால் இடம்பெற்று, அந்தப் பருவத்திலேயே 'சுப்பர் போல்' எனப்படும் இறுதிப் போட்டியை வென்றார். 2003, 2004 பருவங்களிலும் வெற்றி. பின்னர் பத்தாண்டு அந்தக் கிண்ணம் வரவில்லை. இறுதிவரை சென்று இருமுறை, இரண்டிலும் நியூயோர்க் ஜயன்ற்ஸ் அணியிடம், தோற்றார்.

விவாதத்தை நான் கவனமாகக் கேட்டேன். முதியவரின் கட்சி எளியது: கை தளர்ந்தது, கால் முன்னரே தளர்ந்தது, முப்பத்தேழு வயதிலே தளர்ந்தது மீளாது. சவரக்காரர் இதை மறுத்தார். காவலரணின் தூணாக நின்ற லோகன் மாங்கின்ஸ் என்பவரை ஒரு மாதத்துக்கு முன்னரே நிருவாகம் வேறு அணிக்கு அனுப்பிவிட்டதே. கூரைத்தூணைப் பிடுங்கிவிட்டு, வீட்டுக்காரன் ஏன் நனைகிறான் என்று கேட்பதா என்பது அவர் வாதம். மூன்றாமவர் ஓர் இளைஞர், கணக்காளராயிருக்க வேண்டும். பிறேடி முடிந்தாரா இல்லையா என்பது கேள்வியே அன்று என்றார். ஓர் அணி வீரர் சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய தொகைக்கு அங்கே உச்ச வரம்பு உண்டு. ஆகவே ஒருவரை ஓராண்டு முந்தி அனுப்புவது இலாபம், ஓராண்டு பிந்தி அனுப்புவது நட்டம். பிளெட்சோவை அனுப்பியதும் அப்படித்தானே? அன்று கை தட்டியவர்கள் இன்று ஏன் கலங்குகிறீர்கள்?

இந்தக் கேள்விக்கு ஒருவரும் விடை கூறவில்லை. சவரக்காரரின் கத்தரிக்கோல் மாத்திரம் சற்று விரைவாக ஓடியது. என் செவியைப் பற்றி எனக்கு அச்சம் உண்டாயிற்று.

எனக்கு வியப்பளித்தது வேறொன்று. முடிந்துவிட்டார் என்று உறுதியாகச் சொன்ன முதியவரே அங்கிருந்தோருள் பிறேடியை அதிகம் நேசித்தவர். அவரது பழைய ஆட்டங்களைத் திகதியோடு சொன்னார். சொல்லும்போது குரல் தழுதழுத்தது. பிரிவு எதிர்பாராத நாளில் வந்து தாக்குமுன் தாமே அதை அறிவித்துவிட விரும்பினார் போலும்.

நான் ஓய்வுபெறுதற்கு முந்திய ஆண்டு ஆசிரியர் அறையின் கதவருகே கேட்ட பேச்சு அப்போது நினைவுக்கு வந்தது. உயர்தர வகுப்பிலே கரும்பலகையில் ஒரு கணக்கை இடைவழியில் பிழைவிட்டு, மாணவி ஒருத்தி திருத்த, நன்றி கூறி வந்திருந்தேன். உள்ளே, என்னிடம் படித்து ஆசிரியரான இருவர், "மாஸ்டருக்கு இப்ப பிழைக்கத் துவங்கீட்டுது. பாவம், மரியாதையோடை போகலாம்" என்று கதைத்துக்கொண்டிருந்தனர். பகையாற் சொல்லவில்லை, "பாவம்" என்ற சொல்லே அதற்குச் சான்று. அதுதான் என்னைச் சுட்டது. அன்றிரவு பழைய வினாத்தாள்களை எடுத்து நாற்பது கணக்குகளைச் செய்தேன். ஒன்றும் பிழைக்கவில்லை. விடிந்தால் அந்தத் தாள்களை அவர்கள் மேசையில் வைப்பது என்று தீர்மானித்தேன். பின்னர் மணிக்கூட்டைப் பார்த்தேன். முன்பு ஒன்றரை மணித்தியாலத்தில் முடியும் வேலைக்கு நான்கு மணித்தியாலம் சென்றிருந்தது. தாள்களை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். இதை இன்றுவரை என் மனைவியிடங் கூடக் கூறியதில்லை.

அவ்வாரம் பயிற்றுநர் பில் பெலிச்சிக்கைப் பத்திரிகையாளர் சூழ்ந்தனர். பிறேடியின் வயதைப் பற்றிக் கேட்டார்கள். தாம் சின்சினாற்றி ஆட்டத்துக்குப் போய்விட்டதாக அவர் விடையிறுத்தார். எதைக் கேட்டாலும் அதே விடை. ஒக்டோபர் 5ஆந் திகதி அதுவரை தோல்வியே காணாத சின்சினாற்றி பெங்கல்ஸ் அணியை 43க்கு 17 என வென்றனர். பிறேடி 292 யார் எறிந்தார். சலூன்காரர் மறுமுறை என்னிடம் பணம் வாங்க மறுத்தார். நான் அவர் கட்சியென்று எப்படித் தீர்மானித்தாரோ அறியேன்.

2015 பெப்ரவரி முதலாந் திகதி, வாசலில் வெண்பனி இடுப்பளவு குவிந்து கிடக்க, அரிசோனாவில் நடந்த இறுதிப் போட்டியைத் தொலைக்காட்சியிற் கண்டோம். கடைசிக் கால்பகுதியில் சியாற்றில் அணி பத்துப் புள்ளி முன்னே நின்றது. பிறேடி இரண்டு டச்டவுன் எறிந்து 28க்கு 24 என முந்தினார். ஆயினும் வெற்றியை உறுதிசெய்தவர் மல்கம் பட்லர் என்ற புதியவர். சியாற்றில் எல்லைக் கோட்டின் வாயிலில் எறிந்த பந்தை அவர் பாய்ந்து பற்றினார். அவர் தவறவிட்டிருந்தால், "முடிந்துவிட்டார்" என்ற கட்சி மறுநாள் மீண்டும் கூடியிருக்கும். பிறேடியின் கையிலோ யாதொரு வேறுபாடும் இருந்திராது.

இதைக் கொண்டு, முதியோரை எவரும் தள்ளலாகாது என்று வாதிட நான் முன்வரேன். மறு ஆண்டே பேற்றன் மானிங்கின் செய்தி வந்தது. கழுத்திலே சத்திரசிகிச்சைகள் செய்துகொண்டு, 2011 பருவம் முழுவதும் ஆடாது, பழைய அணியால் விடப்பட்டு, டென்வருக்குச் சென்று, 2013இல் 55 டச்டவுன் எறிந்து சாதனை படைத்தவர் அவர். 2015 நவம்பர் 15ஆந் திகதி, எறிந்த மொத்தத் தூரத்தில் எக்காலத்துக்கும் முதல்வரானார். அதே ஆட்டத்தில் இருபது முறை எறிந்து ஐந்தே சேர்ந்தன. நான்கு மாற்றாரிடம் போயின. முப்பத்தொன்பது வயதில், பாதக் காயத்தோடு, அவரை இருத்திவைத்தனர். அவர் முடிந்துவிட்டார் என்றோர் உண்மையையே கூறினர். ஆனால் ஜனவரியில் மீண்டும் களமிறங்கினார். பெப்ரவரியில் 24க்கு 10 எனக் கிண்ணம் வென்றார். அன்று அவர் எறிந்தது 141 யார் மாத்திரம். டென்வரின் தடுப்பணியே ஆட்டத்தை வென்று கொடுத்தது. அடுத்த மாதம் விடைபெற்றார். கை போனபின், எதை எறியக்கூடாது என்ற அறிவு மிஞ்சியிருந்தது. அதை ஆற்றல் என்பதா, அன்றி நல்லூழ் என்பதா? மருமகனும் நானும் தொலைபேசியில் ஒரு மணித்தியாலம் தர்க்கித்தோம். நான் ஆற்றல் என்றேன். எனக்கு அதிலே சொந்த நலன் உண்டென்பதை அவர் அறியார்.

கறோப்பலோவை 2017இல் சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பிவிட்டனர். இளைஞர் போய்க் கிழவர் நின்றார். 2020இல் அவரும் தம்பா பேக்குப் போக, பொஸ்ரனில் மீண்டும் அதே பேச்சு எழுந்ததாம். மறு ஆண்டு பெப்ரவரியில், நாற்பத்துமூன்று வயதில், கன்சாஸ் சிற்றியையே 31க்கு 9 என வென்று ஏழாவது கிண்ணத்தைப் பெற்றார். 2022இல் ஓய்வு என்றார். ஆறு வாரத்தில் திரும்பினார். அந்தப் பருவத்தில் அணி வென்றதினும் தோற்றது அதிகம். 2023 பெப்ரவரி முதலாந் திகதி முற்றாக விலகினார்.

அந்த வாரம் மருமகன் தொலைபேசியில் அழைத்தார். சலூனுக்குப் போனாராம், அந்த முதியவர் இன்னும் அதே மூலையில் இருக்கிறாராம்.

"என்ன சொல்லுறார்?" என்று கேட்டேன்.

"அவசரப்பட்டிட்டானாம் மாமா. இன்னும் ஒரு வருஷம் ஆடியிருக்கலாமாம்."