விசைகளுக்கும் உண்டு இலக்கணம்

கணினியில் உரையை எழுதித் திருத்த உதவும் மென்பொருள்களுள், சுட்டியைத் தொடாமல் விசைப்பலகையைக் கொண்டே இயக்கத்தக்கன சில உள. அவற்றுள் முன்னோடியாக விளங்குவது 'வி-ஐ' என்பதாகும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மாணவராயிருந்த பில் ஜாய் 1976இல் இதனை உருவாக்கினார். அவர் பயன்படுத்திய முனையத்தில் அம்புக்குறிகள் எச், ஜே, கே, எல் ஆகிய எழுத்து விசைகளின் மீதே பொறிக்கப்பட்டிருந்தன. இடம், கீழ், மேல், வலம் என நகர்வதற்கு இன்றும் அந்நான்கு விசைகளே பயன்படுவதன் காரணம் இதுவே.

இதன் வளர்ச்சி வடிவமான 'விம்' 1991இல் வெளிவந்தது. நெதர்லாந்து நாட்டின் பிராம் மூலனார், 2023இல் மறையும்வரை அதனைப் பேணி வந்தார். அவர் விலை கேட்கவில்லை. விரும்புவோர் உகாண்டாவின் ஆதரவற்ற குழந்தைகளுக்குப் பொருளுதவி செய்க என்று மட்டும் வேண்டினார். சதக்காவின் சிறப்பை அறிந்த நம்மவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

புதிதாகத் திறப்பவர் முதலில் திகைப்பார். எழுத்தை அழுத்தினால் எழுத்துத் தோன்றாது. ஏதேனும் ஒன்று அழியும், அல்லது குறி எங்கோ தாவும். காரணம், இதற்கு நிலைகள் பல உண்டு. தொடக்கத்தில் இருப்பது கட்டளை நிலை. 'ஐ' விசையை அழுத்திய பின்னரே எழுதும் நிலை வரும். 'எஸ்கேப்' விசை மீண்டும் கட்டளை நிலைக்குக் கொணரும். வெளியேற வழி தெரியாது தவிப்போர்க்கு: எஸ்கேப், முக்காற்புள்ளி, 'கியூ', வியப்புக்குறி, பின்னர் 'என்டர்'. எழுதியது சேமிக்கப்படாது என்பதை மட்டும் நினைவிற் கொள்க.

கட்டளை நிலையின் அமைப்பு தமிழ் மாணவர்க்கு எளிதில் விளங்கும். அஃது ஓர் இலக்கணமே. 'டி' என்பது 'நீக்கு' என்னும் ஏவல் வினை. 'டபிள்யூ' என்பது சொல். 'டி', '3', 'டபிள்யூ' என அழுத்தினால் குறி நிற்கும் இடத்திலிருந்து மூன்று சொற்கள் நீங்கும். நம் மொழியில் வினை இறுதியில் நிற்கும். ஈண்டு முதலில் நிற்கிறது, அவ்வளவே வேறுபாடு. 'சி' மாற்றும், 'ஒய்' படியெடுக்கும். வினை சிலவும் பெயர் சிலவும் கற்றவர், தாம் முன்பின் கேளாத தொடர்களையும் தாமே ஆக்கிக்கொள்ளலாம். முற்றுப்புள்ளியை அழுத்தினால் இறுதியாகச் செய்த மாற்றம் மீளவும் நிகழும்.

தமிழில் எழுதுவோர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. தமிழ்த் தட்டச்சு முறை இயங்கும்போது கட்டளை நிலையில் 'டி' விசையை அழுத்தினால் தமிழெழுத்தே செல்லும், கட்டளை பலிக்காது. எழுதும் நிலையில் மட்டும் விசைகளைப் பிறமொழி எழுத்தாக மாற்றும் வசதி விம்மிலேயே உள்ளது. அதனை அமைத்துக்கொள்ளாதார் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறி மாறித் தாவ வேண்டியிருக்கும். பலர் சலித்துக் கைவிடுவது இவ்விடத்திலேதான் எனக் கருதுகிறேன்.

இத்துணை உழைப்பு எதற்கு? சீறாப்புராணம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களை உடையது. அத்தகைய பெருநூலுக்கு உரையெழுதிக் கணினியில் ஏற்றியவர், 'குரான்' என்று எழுதியதையெல்லாம் 'குர்ஆன்' எனத் திருத்த விரும்புகிறார் எனக் கொள்வோம். 'குரான்' என்று தேடினால் 'குரானை', 'குரானில்' என்பன அகப்படா. உருபேற்றபோது இறுதிப் புள்ளி மறைந்துவிடுகிறதன்றோ! ஆகவே 'குரா' என்பதைக் 'குர்ஆ' என மாற்றக் கட்டளையிட வேண்டும். அவ்வாறு செய்தால் குராசான் நாடும் குராமலரும் சேர்ந்து சிதையும். முன்னைய பதிப்புகளிலிருந்து எடுத்தாண்ட மேற்கோள்களும் நம் எழுத்துமுறைக்கு மாறிவிடும். அது பதிப்பு நெறியன்று. இதற்காகவே மாற்றக் கட்டளையின் இறுதியில் 'சி' சேர்க்கும் வழக்கம் உள்ளது. அப்போது விம் ஒவ்வோரிடத்திலும் நின்று வினவும். 'ஒய்' என்றால் மாற்றும், 'என்' என்றால் விட்டுச்செல்லும்.

பயிற்சிக்கென விம்முடன் 'விம்டியூட்டர்' என்னும் பாடமும் வருகிறது. அதனை முடிக்க ஏறத்தாழ அரை மணி நேரம் போதும். விரல்கள் பழகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை தவறாக அழித்தவற்றை 'யு' விசை மீட்டுத் தரும்.