கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று அணைந்து போகிறதா?

ஒரு மணி நேரம் உட்கார்ந்து டைப் செய்த கடிதம். கடைசிப் பத்தியில் இருக்கும்போது எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ‘டப்’பென்று கம்ப்யூட்டர் அணைந்து விடுகிறது. ஃபேன் ஓடுகிறது, டியூப்லைட் எரிகிறது. கம்ப்யூட்டர் மட்டும் இல்லை! புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களை இதைப் போல் பயமுறுத்தும் கோளாறு வேறில்லை. கடைக்கு எடுத்துப் போனால் அங்கே ஒழுங்காக ஓடும். சில இடங்களில் “மதர்போர்டு போய்விட்டது” என்று ஒரே வரியில் முடித்து விடுவார்கள்.

அவசரப்பட்டு எதையும் மாற்றாதீர்கள். நான் எப்போதும் கடைப்பிடிக்கும் முறை இது: சுவரில் தொடங்கி உள்ளே போக வேண்டும், செலவில்லாத சோதனையை முதலில் செய்ய வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. முக்கியமான ஃபைல்களை பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ இன்றே காப்பி எடுத்து வையுங்கள். ஃபைல் எழுதப்படும் நேரத்தில் மின்சாரம் அறுந்தால் அந்த ஃபைலே கெட்டுப் போகலாம்.

அணைகிறதா, ரீஸ்டார்ட் ஆகிறதா?

இரண்டும் ஒன்றல்ல. தானாக ரீஸ்டார்ட் ஆனால் விண்டோஸ், டிரைவர் அல்லது ராம் கோளாறாக இருக்கலாம். நீலத்திரை வந்தவுடன் விண்டோஸ் தானே ரீஸ்டார்ட் செய்து விடுவதால் அதில் உள்ள செய்தியைப் படிக்க முடிவதில்லை. சிஸ்டம் பிராப்பர்டீஸ் - அட்வான்ஸ்டு - ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி பகுதியில் ‘ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட்’ என்பதன் எதிரே உள்ள டிக்கை எடுத்து விடுங்கள். இனி நீலத்திரை வந்தால் அப்படியே நிற்கும்.

விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்கள் ‘ஈவன்ட் வியூவர்’ திறந்து பார்த்தால் ‘கெர்னல் பவர் 41’ என்ற பதிவு இருக்கும். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டர் முறைப்படி ஷட்டவுன் ஆகவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது, காரணத்தைச் சொல்லாது. அணைந்த பிறகு கம்ப்யூட்டர் மீண்டும் ஆன் ஆன தேதியும் நேரமும்தான் அதில் பதிவாகும்.

ஒரு நோட்டில் எழுதுங்கள்

எப்போது அணைந்தது, ஆன் செய்து எவ்வளவு நேரம் கழித்து அணைந்தது, அப்போது என்ன புரோகிராம் ஓடியது, வீட்டில் வேறென்ன மின்சாதனம் போடப்பட்டது. இந்த நான்கையும் ஒரு வாரம் எழுதுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மதர்போர்டு மாற்ற வேண்டும் என்று கடையில் சொல்லி விட்டார்கள். ஒரு வாரம் நேரத்தைக் குறித்து வையுங்கள் என்றேன். குறிப்பைப் பார்த்தபோது எல்லாமே காலை, மாலை தண்ணீர் மோட்டார் போடும் நேரங்கள்! மோட்டார் கிளம்பும்போது வோல்ட்டேஜ் ஒரு கணம் இறங்குகிறது, யூ.பி.எஸ். உடனே பேட்டரிக்கு மாறுகிறது. பேட்டரியோ செத்துக் கிடக்கிறது. பேட்டரியை மாற்றியதும் தொல்லை தீர்ந்தது. மதர்போர்டு இன்றும் அதேதான்.

சுவரும் யூ.பி.எஸ்.ஸும்

பிளக் பாயிண்ட்டில் பிளக் ஆடுகிறதா? ஸ்பைக் பஸ்டரில் கருகிய தடயம் இருக்கிறதா? கேபினெட்டின் பின்னால் பவர் கார்டு முழுதாக உள்ளே போயிருக்கிறதா? முதலில் இவற்றைப் பாருங்கள். பவர் கார்டை மாற்றிப் பார்ப்பது சுலபம். மானிட்டரின் கார்டு பெரும்பாலும் அதே வகைதான். பிளக் பாயிண்ட்டே சூடாகிறது என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது யூ.பி.எஸ். நம் மின்சாரம் 230 வோல்ட், செகண்டுக்கு 50 சுழற்சி. ஒரு சுழற்சிக்கு 20 மில்லி செகண்ட். கரண்ட் அறுந்த பின் நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஏறக்குறைய 16 மில்லி செகண்ட் தாக்குப் பிடிக்கும். அதற்குள் யூ.பி.எஸ். பேட்டரிக்கு மாறி, பேட்டரியும் சுமையைத் தாங்க வேண்டும். வீட்டு யூ.பி.எஸ்.களில் உள்ள 12 வோல்ட் பேட்டரி பொதுவாக இரண்டு, மூன்று வருடங்களில் களைத்து விடும்.

சோதிப்பது எளிது. கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்து கழற்றி விட்டு, யூ.பி.எஸ்.ஸில் ஒரு டேபிள் லேம்ப்பை மாட்டுங்கள். யூ.பி.எஸ்.ஸுக்கு வரும் சுவிட்சை அணையுங்கள். விளக்கு உடனே அணைந்தால் பேட்டரி போய்விட்டது. யூ.பி.எஸ். இல்லாமல் இரண்டு நாள் நேராகச் சுவரில் இணைத்தும் பார்க்கலாம். இன்னொன்று: 600 வி.ஏ. என்று எழுதியுள்ள பல யூ.பி.எஸ்.கள் தருவது 360 வாட்ஸ்தான். லேசர் பிரிண்டரை ஒருபோதும் அதில் இணைக்காதீர்கள்.

ஆன் செய்த நான்கு செகண்டில் அணைகிறதா?

பவர் பட்டனை நான்கு செகண்ட் அழுத்திப் பிடித்தால் கம்ப்யூட்டர் அணைந்து விடும். அந்தப் பட்டன் உள்ளேயே சிக்கிக் கொண்டாலும் அதேதான் நடக்கும். கேபினெட் சுவிட்சிலிருந்து மதர்போர்டுக்கு வரும் இரு முனை வயரைக் கழற்றி, ரீசெட் சுவிட்சின் வயரை அந்த இடத்தில் செருகினால் ரீசெட் பட்டனே பவர் பட்டனாக வேலை செய்யும். செலவு ஒன்றுமில்லை.

பத்து, இருபது நிமிடத்தில் அணைகிறதா?

சூட்டைச் சந்தேகப்படுங்கள். பிராசசர் சூடானால் முதலில் வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். அப்போதும் சூடு அடங்காவிட்டால் தன்னைக் காப்பாற்றிக் கொள்ள மின்சாரத்தையே நிறுத்தச் செய்து விடும். அணைந்தவுடன் மீண்டும் ஆன் செய்து, டெலீட் அல்லது எஃப் 2 கீயைத் தட்டி பயாஸுக்குள் போங்கள். அங்கே பிராசசரின் வெப்பநிலை தெரியும். 80, 90 டிகிரி காட்டினால் காரணம் கிடைத்து விட்டது.

கம்ப்யூட்டர் மேஜையின் மூடிய அறைக்குள் கேபினெட்டை வைத்திருந்தால் வெளியே எடுங்கள். பவர் கார்டைக் கழற்றிய பிறகு பக்கவாட்டு மூடியைத் திறந்து, ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக் கொண்டு, ஹீட் சிங்கில் உள்ள தூசியை காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டுங்கள். வாங்கிப் பல வருடமாகியிருந்தால் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். தெரிந்தவரிடம் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

கேம் விளையாடும்போது மட்டும் அணைகிறதா?

சூடும் இல்லையென்றால் சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ். மீது. 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றித் தருவது இதுதான். கிராபிக்ஸ் கார்டு திடீரென்று அதிக மின்சாரம் இழுக்கும்போது, தாங்க முடியாத எஸ்.எம்.பி.எஸ். தன்னைத்தானே அணைத்துக் கொள்ளும். பிறகு பின்பக்க சுவிட்சை அணைத்துச் சற்று நேரம் கழித்துப் போட்டால்தான் உயிர் வருகிறது என்றால் சந்தேகம் உறுதியாகிறது. கருகிய வாடை, ஓடாத ஃபேன் ஆகியவையும் அடையாளங்கள்.

பெட்டியின் மேல் பெரிதாக 450 வாட்ஸ் என்றிருப்பதை நம்பாதீர்கள். லேபிளில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 ஆம்பியர் என்றால் 12 x 18 = 216 வாட்ஸ். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இதிலிருந்துதான் எடுக்கின்றன.

உறுதியான சோதனை, நன்றாக வேலை செய்யும் வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாட்டிப் பார்ப்பதுதான். எச்சரிக்கை: எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கலாம். உயிருக்கே ஆபத்து.

கடைசியில்தான் மதர்போர்டு

24 முனை பவர் கனெக்டரும், பிராசசருக்கு அருகிலுள்ள 4 அல்லது 8 முனை கனெக்டரும் இறுக்கமாக இருக்கின்றனவா? கழன்ற ஸ்குரூ ஏதும் போர்டின் அடியில் கிடக்கிறதா? கெபாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா? 2000-களின் தொடக்க ஆண்டுகளில் தயாரான பல மதர்போர்டுகள் தரமற்ற கெபாசிட்டர்களால் இப்படித்தான் பழுதாயின. இவை எல்லாம் சரியாக இருந்து, வேறு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் அணைந்தால் மட்டுமே மதர்போர்டைப் பற்றி யோசியுங்கள்.

கடைக்குப் போக வேண்டி வந்தால் அந்த நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். எப்போதெல்லாம் அணைகிறது, எதையெல்லாம் சோதித்தாயிற்று என்று சொல்லுங்கள். பார்ட்ஸை மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். கோளாறு கண்டுபிடிக்கப்படும் வரை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கன்ட்ரோல் கீயுடன் எஸ் கீயைத் தட்டி ஃபைலை சேவ் செய்து வாருங்கள்.